ஜேர்மன்காரன் துரத்திய கோழி

தவக்காலத்துச் சனிக்கிழமை. தலைமன்னாரிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு பெண் தனியாக இருந்தார். பேசாலையில் ஏறிய இன்னொருத்தி, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சொன்னாள்:

“எங்கட வீட்டுச் சண்டையை நேற்று ஒரு ஜேர்மன்காரன்தான் தீர்த்து வைச்சவன், அக்கா.”

“ஆரடி அது ஜேர்மன்காரன்?”

“ரீவியில. பழைய யுத்தப் படம், அந்தக் காலத்தில உண்மையா எடுத்தது. நான் ஒரு மூலையில, என்ர மனிசன் ஒரு மூலையில இருந்து பாக்கிறம். வள்ளத்துக்கு என்ன நிறம் அடிக்கிறதெண்டு கொழுவினதில இருந்து ரெண்டு பேருக்கும் கதை இல்லையெல்லோ.”

“ஓம், ஊருக்கே தெரியும்.”

“ஒரு ஜேர்மன் ஆமிக்காரன் துவக்கும் கையுமா ஒரு கோழியைத் துரத்திறான். நான் என்னை மறந்து, ‘ஐயோ பாவி, தவக்காலத்து வெள்ளியில கோழி பிடிக்கிறானே, இறைச்சி விலக்கெல்லோ!’ எண்டிட்டன்.”

“அவர்?”

“‘வெள்ளிக்கிழமை எங்களுக்கடி, அவனுக்கு என்ன கிழமையோ!’ எண்டார். பிறகு ஜேர்மன்காரர் ஓட, ரஷ்யாக்காரர் வந்தினம். அவையளும் வந்த கையோட ஒரு கோழிக்குப் பின்னாலதான்! மனிசன் கதிரையில இருக்கேலாமல் சிரிக்கிறார்.”

“கோழி பிடிபட்டதோ?”

“அதைக் காட்டேல்ல. பிடிபட்டிருக்கும் எண்டு அவர், தப்பியிருக்கும் எண்டு நான். படுக்கிற வரைக்கும் அதுதான் கதை.”

அக்கா சிரித்த சிரிப்பில் கொண்டக்டரும் திரும்பிப் பார்த்தார்.

“அது சரி, இப்ப எங்க போறாய்?”

“சந்தைக்கு. நாளைக்குக் கோழிக்கறி வேணுமாம். வாய் திறந்து கேட்டவர், அக்கா!”