மணி அடிக்கும் வரை

இன்று காலை நீங்கள் தட்டிய தட்டலில் பட்டறைக் கதவின் மேல் கீல் கழன்றுவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. பழைய கதவு. இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நானே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தால் பேசிக்கொண்டே மாட்டிவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். பரவாயில்லை. அந்த முக்காலியில் மட்டும் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் இந்தக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் உங்களோடு வந்த இளைஞர், என்ன சார், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு என்று உங்கள் காதோரம் கேட்டார். ஆஸ்பத்திரி இல்லை. விண்கலம். சுவரெல்லாம் தெரிகிற வெள்ளைப் பலகைகள் இனிப் பிழைக்காது என்று நான் கைவிட்ட ஃப்ரிட்ஜ்களின் கதவுகள். மினுக்கும் விளக்குகள் வாஷிங் மெஷின்களிலிருந்து எடுத்தவை. நடுவில் நிற்கும் கண்ணாடிக் கதவு ஒரு கூல்டிரிங்க்ஸ் கடையிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை என் மச்சான் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நின்றான்.

ஏன் நின்றான் என்று புரிய வேண்டுமானால் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் அதன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. ‘படம்’ என்றால் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் சினிமா. கலத்தின் வெளிச்சுவரில் விரிசல் விழுகிறது. கேப்டன் வெளியே போய் அதை அடைக்கிறார். அடைத்து முடித்தபோது அவருக்கு உள்ளே வர வழியில்லை. கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சாவார்கள். அவர் கண்ணாடியை மூன்று முறை தட்டிவிட்டு நிற்கிறார். உள்ளே இருப்பவர்கள் நெஞ்சில் கை வைத்து, அசையாமல், அவருடைய காற்று தீரும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். கேப்டனின் கடைசி வார்த்தைகளுக்குப் பிறகு ஒரு சத்தம் கிடையாது. விண்வெளியில் சத்தம் கேட்காது என்கிற உண்மையை மதித்த படம் அது. நான் முதல் முறை பார்த்தபோது தியேட்டரில் சவுண்டு போய்விட்டது என்று பின்வரிசையில் விசில் அடித்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் காட்சியை நாங்கள் இங்கே நடிப்போம். குழு பெரியதல்ல. பல் டாக்டர் ஒருவர், உடைகள் தைத்துத் தரும் தையல்காரம்மா, இன்னும் சிலர், அவர்கள் வீட்டார். நாவல்களை ஒருவருக்கொருவர் மாற்றிப் படிப்போம். ஒளியை விட வேகமாகப் போக முடியுமா என்று டீ ஆறும்வரை சண்டை போடுவோம். நடிக்கும்போது மட்டும் ஒரு சட்டம் உண்டு. சட்டம் போட்டது நான். இதோ, காட்சியில் நான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்த மணி அடிக்கும் வரை யாரும் தன் பாத்திரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. தும்மல் வந்தாலும் விண்வெளி வீரனாகத்தான் தும்ம வேண்டுமா என்று டாக்டர் கேலி செய்வார். ஆமாம் என்பேன். காலி பிளாஸ்டிக் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிகிற கூட்டம் என்று தெருவில் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாங்களும் நடுவில் சிரித்துவிட்டால் அவர்கள் சொல்வது சரியாகிவிடும்.

மச்சான் என் மனைவியின் தம்பி. கல்யாணமான புதிதில் அவன் எங்கள் வீட்டிலேயே தங்கிப் படித்தான். அவனுக்குப் படத்தைப் போட்டுக் காட்டியது நான். முதல் நாவலைக் கையில் கொடுத்ததும் நான். ஆனால் வளர்ந்த பிறகு அவன் ரசனை வேறு பக்கம் போனது. டிராகன், மந்திரவாள், செத்தவன் எழுந்து வருவது. சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் இதே வழக்குத்தான். உங்க கதையில காத்து தீர்ந்தா ஆள் காலி, எங்க கதையில ஒரு டிராகன் வந்து தூக்கிட்டுப் போயிடும் மாமா என்பான். என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வீட்டில் சிரிக்கலாம், அங்கே மணி கிடையாது.

கேப்டனாக முன்பு நான்தான் நடித்தேன். பிறகு எனக்கு உடையின் பொத்தான் போட முடியாமல் போனது. தையல்காரம்மா ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, இனி இதுக்கு மேல துணியில்லண்ணே, உங்களைத்தான் வெட்டணும் என்றார். கேப்டன் மச்சானுக்குப் போனார். நான் பைலட் ஆனேன். எனக்கு வருத்தமில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேப்டனோடு உள்ளங்கை சேர்ப்பவன் பைலட். காட்சியே அவன் கையில்தான் இருக்கிறது.

போன ஆண்டு என்ன நடந்தது என்று டாக்டர் வாக்குமூலத்தில் உங்களிடம் சொல்லியிருப்பார். மச்சான் காற்றில்லாமல் தவிப்பது போல் நடித்தான். நன்றாகவே நடித்தான். திடீரென்று உடம்பை முறுக்கி, கண்ணாடியை விட்டு விலகித் தரையில் விழுந்தான். டாக்டர் மணிக்கு முன்பே ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றினார். இவன் ஒரு கண்ணைத் திறந்து, டாக்டர், இந்தக் கடைவாய்ப் பல்லு ஆடுது, பாருங்க என்றான். கொட்டகையே சிரித்தது. டாக்டர் அவமானத்தை மறைக்க அவன் முதுகில் ஓர் அடி வைத்துச் சொன்னார்.

“இனிமே நீ நிஜமா செத்தாலும் மணி அடிக்காம நான் வரமாட்டேன்டா.”

எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

இந்த ஆண்டு ஒத்திகை தொடங்கியதிலிருந்தே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். மச்சான் போனைக் கவிழ்த்து வைப்பான். தையல்காரம்மா என்னைப் பார்த்து, தேவையில்லாமல், வெயில் ஜாஸ்தி இல்லண்ணே என்பார். மனைவியைக் கேட்டால் ஒண்ணுமில்லைங்க என்றாள். ஒன்றுமில்லை என்று அவ்வளவு வேகமாகச் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்ரெசரில் கை வைத்தாலே எங்கே உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிற எனக்கு இது தெரியாதா?

ஒரு நாள் பட்டறையில் ஒரு பெரிய ஃப்ரிட்ஜின் பின்னால் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். நான் இருப்பது தெரியாமல் மச்சானும் தையல்காரம்மாவும் வந்தார்கள். மாமாவுக்குத் தெரிஞ்சா பாதியிலேயே மணி அடிச்சுடுவாரு என்றான் அவன். அவர்கள் போன பிறகு, மச்சான் அங்கே வைத்துவிட்டுப் போன பையைப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் ஒரு கயிறு. கேப்டனை உள்ளே இழுத்துக்கொள்வதற்கு. அதாவது, படத்தின் முடிவையே மாற்றப்போகிறார்கள்.

அன்று சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். அவன் மறைக்கவில்லை.

“எல்லாரும் வருஷா வருஷம் அழுதுட்டுப் போறாங்க மாமா. ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் உயிரோட வீட்டுக்குப் போகட்டுமே” என்றான்.

அது நடக்காது என்று நான் அமைதியாகவே விளக்கினேன். அவர் திரும்பி வந்தால் அவர் வெளியே போனதற்கே அர்த்தமில்லை. எல்லோரும் பிழைத்துக்கொள்கிற இடத்துக்குப் பெயர் விண்வெளி இல்லை, பூங்கா. அவன் எழுந்து உள்ளே போனான். பிறகு அந்தக் கயிற்றை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“சரி மாமா, உங்க இஷ்டம். படத்துல இருக்கறபடியே செத்துடறேன், போதுமா?”

மனைவி சிரித்துக்கொண்டே அவன் தலையில் குட்டினாள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று அவர்கள் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. நிஜமாக விட்டுக்கொடுக்கிறவன் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டான். ஒரு கயிற்றைக் கொடுத்தவனிடம் இன்னொரு கயிறு இருக்கும். கயிறே இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. கடைசி நொடியில் ஏதாவது ஒரு வசனத்தை மாற்றி, ஒரு நகைச்சுவையைச் சொருகி, எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவான். அவன் செய்யக்கூடியவன் என்று போன ஆண்டே பார்த்துவிட்டேனே.

அதனால் காட்சி தன் போக்கில் நடக்கும்படி சில வேலைகள் செய்தேன். ஹெல்மெட்டுக்கு எப்போதும் கழுத்தில் இடைவெளி இருக்கும், பார்க்க அசிங்கம். இந்த முறை நல்ல கதவு ரப்பராக எடுத்துக் கழுத்தைச் சுற்றி வைத்தேன். மூடும்போது புது ஃப்ரிட்ஜ் மூடுவது போல் மெத்தென்று மூடியது. பூட்டு பின்னந்தலையில். கையுறை போட்டவனுக்கு எட்டாது; படத்திலும் எட்டாது. காலணிகளைத் தரைப் பலகையோடு திருகினேன். படத்தில் காந்தக் காலணி என்பதால் நாங்கள் எப்போதும் செய்வதுதான், போன ஆண்டு மட்டும் விட்டுப்போயிருந்தது. மூச்சு விடுவதற்காக உள்ளே பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஃபேனும் காற்றுக் குழாயும் வைத்தேன். மச்சான் போட்டுப் பார்த்து, ஏசி மாதிரி இருக்கு மாமா என்றான். அப்போது அது ஓடிக்கொண்டிருந்தது.

பேட்டரி தீர்ந்துபோனது என் கவனக்குறைவு என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. ஞாயிறு மதியம் அதை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். புது பேட்டரி மேசை டிராயரில் இருந்தது. டிராயரைத் திறந்தேன். பிறகு மூடினேன்.

காட்சி மிக நன்றாக வந்தது. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். மனைவி முன்வரிசையில் இருந்தாள். படத்தில் கேப்டனின் குரல் பைலட்டின் காதுக் கருவியில் மட்டும் வரும். பைலட் அதை வாய்விட்டு மற்றவர்களுக்குச் சொல்வான். எங்கள் காதுக் கருவி வெறும் அலங்காரம். வசனம் எனக்கு மனப்பாடம். மச்சான் தட்டினான். நான் சொன்னேன்: என் காற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. மறுபடி தட்டினான். நட்சத்திரங்கள் இவ்வளவு அருகில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பின்னால் யாரோ விசும்பினார்கள். தையல்காரம்மாவாக இருக்க வேண்டும்.

படத்தில் மூன்று தட்டல்தான். அவன் நிறையத் தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான். அதிகப்படியாக இருக்கிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. டாக்டர் ஓர் அடி முன்னால் வைத்தார். பிறகு மணியைப் பார்த்தார். பிறகு அந்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அவர் மீது தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்தை அவர் மதித்தார்.

கண்ணாடியில் அவன் கை இருந்த இடத்தில் என் உள்ளங்கையை வைத்தேன். அவன் கை கீழே வழுக்கும்வரை வைத்திருந்தேன். படத்தில் இருக்கிற அளவுக்கு மௌனம் விட்டேன். அதன் பிறகு மணி அடித்தேன். அடித்ததும் கைதட்டினார்கள்.

டாக்டர் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். மூச்சு திரும்பவில்லை. என் மனைவி தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள், கடைசியா என்ன சொன்னான் என்று. நட்சத்திரங்கள் பற்றிய வசனத்தைச் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அவன் இவ்வளவு நல்ல தமிழ்ல பேச மாட்டானே” என்றாள்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உங்களிடம் பேசியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இன்றைக்குக் கதவை அப்படித் தட்டியிருக்க மாட்டீர்கள்.

சரி. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தரைக்கு அடியில் என் காதுக் கருவிக்கு வரும் ஒயரைப் பற்றிக் கேட்டீர்கள். அது வெறும் அலங்காரம் என்றுதான் குழுவில் எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். இந்த ஆண்டு நான் அதற்கு நிஜமாகவே இணைப்புக் கொடுத்தேன். உள்ளே மைக், என் காதில் ஒலி. வேறு யாருக்கும் கேட்காது. மச்சான் வசனத்தை மாற்றுகிறானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சந்தேகம் வந்துவிட்டால் அளந்து பார்ப்பதுதான் என் தொழில்.

மாற்றினான். என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. நண்பர்களே என்று வர வேண்டிய இடத்தில் மாமா என்றான். நட்சத்திரங்கள் வர வேண்டிய இடத்தில் நட்சத்திரமே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் நான் சரியான வசனத்தைச் சொல்லி ஈடுகட்டினேன். அதனால்தான் காட்சி கெடவில்லை. கடைசி வரியையும் கேட்கிறீர்கள். அதையும் தெளிவாகவே கேட்டேன். படத்தில் அந்த வரி கிடையாது. இருந்தாலும் நீங்கள் எழுதிக்கொள்வதால் ஓர் எழுத்து மாறாமல் சொல்கிறேன்.

“நான் நடிக்கலை மாமா. மணியை அடிங்க.”