ஊசிக்கு யார் பிடிக்கறது?

— குடுங்கக்கா அவனை. ஊசி போடறப்ப நான்தான் மடியில வச்சுக்கணும்.

— முடியாது டீச்சர். நான்தான் வச்சுப்பேன்.

— இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு மேல அவன் என் பிள்ளை. தத்துப் பேப்பர்ல காலையிலேயே கையெழுத்துப் போட்டாச்சு. சரியா?

— இப்ப மணி பத்தே முக்கால். பன்னெண்டு வரைக்கும் என் வீட்டுப் பிள்ளை. சரியா?

— என்னை மாதிரியே பேசிக் காட்டாதீங்க.

— பின்ன என்ன? பொறந்த பதினோராம் நாள் தத்து ஆபீஸ்ல என் கையில குடுத்தாங்க, ‘அம்மா அப்பா கிடைக்கற வரைக்கும் வளர்த்துக் குடுங்க’ன்னு. ஒன்பது மாசம் வளர்த்துட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் உங்களால பொறுக்க முடியாதா?

— நாலு வருஷமா பொறுத்துட்டேன்.

— சரி, உக்காருங்க. நம்ம டோக்கன் இன்னும் கூப்பிடல. எங்க, உங்க வீட்டுக்காரரைக் காணோம்?

— காரை நிறுத்த இடம் தேடிட்டிருக்கார். அவரை விடுங்க. அக்கா, இவன் என்னைப் பார்த்தாலே மிரள்றான். மூணு தடவை உங்க வீட்டுக்கு வந்தேன், மூணு தடவையும் ஊரைக் கூட்டினான். போன தடவை அந்த ஆபீஸ் மேடம் என்ன எழுதினாங்க தெரியுமா? ‘குழந்தை இன்னும் ஒட்டவில்லை.’ அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து பார்ப்பாங்களாம். அப்பவும் ஒட்டலைன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போகலாமாம். அதுக்கும் சேர்த்துத்தான் என்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க.

— தெரியும்.

— தெரிஞ்சும் இடுப்பை விட்டு இறக்க மாட்டேங்கறீங்களே!

— பாருங்க டீச்சர், காதை இழுத்துக்கறான் பாருங்க. இடது காது. அப்படி இழுத்தா தூக்கம் வருதுன்னு அர்த்தம். பசின்னா கையை மொத்தமா வாயில திணிச்சுப்பான்.

— இருங்க, எழுதிக்கறேன்.

— நோட்டை உள்ள வைங்க. அவனைப் பாருங்க. பரீட்சையா இது?

— எனக்குப் பரீட்சைதான்.

— ஃபேன் சத்தம் இல்லாம தூங்க மாட்டான். கேரட்டை மசிச்சுக் குடுத்தா நேரா உங்க மூஞ்சியிலதான் துப்புவான். கீழ ரெண்டு பல்லு, தோள்ல கடிப்பான். கத்தாதீங்க. கத்தினா விளையாட்டுன்னு நினைச்சு இன்னும் கடிப்பான்.

— பேச ஆரம்பிச்சுட்டானா?

— நேத்து ‘ம்மா’ன்னான்.

— யாரைப் பார்த்து?

— ஃபேனைப் பார்த்து.

— பொய் சொல்றீங்க.

— இருந்துட்டுப் போகட்டும். அது சரி, போன வாரம் உங்க நைட்டி ஒண்ணு கேட்டேனே, இப்படியா அனுப்புவீங்க?

— ஏன்? நல்லாத் துவைச்சு, இஸ்திரி போட்டுத்தானே அனுப்பினேன்.

— அதான் வம்பு! நான் கேட்டது நீங்க போட்டுக் கழட்டினதை. அதுல படுக்க வச்சா உங்க வாசனை அவனுக்குப் பழகும். நீங்க அனுப்பினதுல சோப்பு வாசனைதான் வந்துச்சு. எட்டு நாளா சோப்போட பழகினான்.

— இதை அன்னைக்கே விவரமா சொல்லியிருக்கலாமே. எனக்கென்ன தெரியும்?

— கேட்டிருக்கலாமே.

— எல்லாம் நல்லாத்தான் பேசறீங்க. குழந்தையை மட்டும் கையில குடுக்க மாட்டேங்கறீங்க. அவனுக்குப் பேர் வச்சிருக்கேன். சொல்லட்டுமா?

— வேணாம். வீட்டுக்குப் போய் கூப்பிடுங்க. எனக்கு உருண்டைன்னாலே போதும்.

— இந்த உருண்டையெல்லாம் நாளையிலேர்ந்து அவன் காதுல விழவே கூடாது.

— விழாது.

— இன்னொண்ணும் கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. அட்டையில போன செவ்வாய்க்கிழமை தேதி போட்டிருக்கு. இந்த ஒன்பதாம் மாச ஊசியை அன்னைக்கே போட்டிருக்கணும். ஏன் போடல?

— சளி இருந்துச்சு.

— இல்லக்கா. ‘வளர்ப்பவர் கேட்டதால் தேதி மாற்றம்’னு எழுதியிருக்கு. நான் டீச்சர், வரி வரியா படிக்கறவ. ஊசி போட்டு முடிச்சாத்தான் குழந்தையைக் குடுப்பாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஊசி தள்ளிப் போனா எனக்கும் தள்ளிப் போகும்னுதானே பார்த்தீங்க?

— அப்படியே வச்சுக்கோங்க.

— இல்லைன்னுகூட சொல்ல மாட்டேங்கறீங்க!

— டோக்கன் இருபத்தேழு! உருண்டை வந்துட்டானா? வா ராஜா, வா. எடை எட்டு நானூறு, நல்லா ஏறியிருக்கான். புது அம்மா நீங்கதானா?

— நான்தான் சிஸ்டர். நீங்களே சொல்லுங்க, ஊசி போடறப்ப யார் பிடிச்சுக்கணும்? அம்மாதானே?

— யார் வேணா பிடிக்கலாம், குழந்தை அசையக் கூடாது. சீக்கிரம் ஆகட்டும், வெளியில இன்னும் பதினாலு பேர் நிக்கறாங்க.

— கேட்டீங்களாக்கா? குடுங்க.

— மாட்டேன்.

— சிஸ்டர் எதிர்லேயே சொல்றேன். இவங்களுக்கு அவனை விட மனசில்ல. அதுக்குத்தான் இவ்வளவு பிடிவாதம்.

— ஆமா, மனசில்லதான். பொய்யா சொல்லச் சொல்றீங்க? என் நெஞ்சு மேலேயே படுத்துத் தூங்கற பிள்ளை. காலையில இவனுக்குச் சட்டை போட்டுவிடறப்ப எனக்குப் பட்டனே மாட்ட வரல. அதுக்காக வச்சுக்க முடியுமா? இவன் பதினோராவது. இவனுக்கு முன்னாடி பத்துப் பேரை இப்படித்தான் அனுப்பியிருக்கேன். கதை வேணாம், நேரமாகுது.

— பத்துப் பேரோட அம்மாகிட்டயும் இப்படித்தான் சண்டை போட்டீங்களா?

— போட்டாங்க டீச்சர். ஒவ்வொரு தடவையும் பிள்ளையை ஒப்படைக்கற அன்னைக்குத்தான் ஊசி, இதே ரூம்லதான் சண்டை.

— சிஸ்டர், நீங்க உங்க வேலையைப் பாருங்க. டீச்சர், அங்க போய் நிக்காதீங்க. இங்க வாங்க, இவன் முகத்துக்கு நேரா. இன்னும் கிட்ட. ம், அங்கேயே இருங்க.

— முதல்ல கையில போடறேன். அசையாம பிடிச்சுக்கோங்க.

— அக்கா, ஏன் இவ்வளவு இறுக்கறீங்க? கை சிவந்து போகுது பாருங்க!

— போடுங்க சிஸ்டர்.

— ஐயோ... ஐயோ கண்ணா... ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல... அக்கா, ஏதாவது பேசுங்க! அவன் உங்க முகத்தையேதான் பார்க்கறான். ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!

— அடுத்தது தொடையில. போடுங்க.

— கொஞ்சம் பொறுத்துப் போடலாமே! மூச்சு விடாம அழறான் சிஸ்டர்!

— போடுங்க சிஸ்டர்!

— ஆச்சு, ஆச்சு. முடிஞ்சுது. பஞ்சை அழுத்திப் பிடிங்க.

— பஞ்சை டீச்சர் பிடிப்பாங்க. இந்தாங்க, வாங்குங்க. கையை நீட்டுங்க டீச்சர்!

— என்கிட்ட வர மாட்டான்க்கா, என்னைப் பார்த்தாலே இவன்... ஐயோ. சிஸ்டர்! தாவிட்டான்! சிஸ்டர், கழுத்தைக் கட்டிக்கிட்டான்...

— நடங்க. நடந்துகிட்டே இருங்க. முதுகைத் தட்டாதீங்க, தடவிக் குடுங்க. மேலேர்ந்து கீழ.

— ஒண்ணுமில்லடா தங்கம்... அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன்... அக்கா, பையை ஏன் எடுக்கறீங்க? எங்க போறீங்க?

— பஸ்ஸுக்கு.

— பன்னெண்டு மணி ஆகலையே! ஊசி போட்டதும் அரை மணி நேரம் இங்கேயே உக்காரணும்னு அட்டையிலேயே போட்டிருக்கே. இருங்கக்கா. ஒரு முத்தமாவது குடுத்துட்டுப் போங்க.

— வேணாம். அவனைத் திருப்பாதீங்க! அப்படியே ஜன்னல் பக்கம் வச்சுக்கோங்க. உடம்பு சுட்டா குடுக்கற மருந்து அவனோட அந்த நீலப் பையில இருக்கு. எவ்வளவு குடுக்கணும்னு சிஸ்டர் எழுதித் தருவாங்க. வரேன் சிஸ்டர்.

— அக்கா! இருங்கக்கா! ... போயிட்டாங்க. திரும்பிக்கூடப் பார்க்கல.

— அவங்க பார்க்க மாட்டாங்க.

— என்ன மனுஷி சிஸ்டர் இவங்க? ஒன்பது மாசம் வளர்த்த பிள்ளை. அவன் அந்தக் கதறு கதறறான், வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரல. ரெண்டு கையையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ‘போடுங்க, போடுங்க’ன்னு... அவ்வளவு தூரம் கெஞ்சினேனே, நான் பிடிச்சுக்கறேன், என்கிட்ட குடுங்கன்னு!

— நீங்க பிடிச்சிருந்தா, இப்ப யார் கழுத்தைக் கட்டிக்கிட்டிருப்பான் டீச்சர்?