பொத்தானைப் பிடித்தால் போதுமா?

தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஐலி அம்மா அவர்களே, நம் எஸ்தோனியத் தீவின் தீயணைப்புத் தொண்டர்களே, கம்பளி பின்னிக்கொண்டே காது கொடுக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் முகம் சிவந்து அமர்ந்திருக்கும் என் அப்பா எண்டெல் அவர்களே! நடுங்கும் குரலில் உங்களை வணங்குகிறேன்.

முதலில் நான் கண்டது ஒரு சிவப்பு நூல். அக்கா ஹில்வேயின் திருமண நாளன்று, கூடத்துக் கணப்பின் வாயில் கிடந்தது. பக்கத்திலேயே சில சுள்ளிகள். கோடையெல்லாம் தீ மூட்டாத கணப்பில் நூல் எப்படி வந்தது? சுள்ளி எங்கிருந்து விழுந்தது? மேலிருந்து அல்லாமல் வேறு எங்கிருந்து விழும்?

கல்யாணம் என்றால் புகைபோக்கி துடைக்கும் கால்யூ மாமாவை அழைப்பது நம் வழக்கம். கறுப்புச் சீருடையில் வருவார். அவருடைய பொன்னிறப் பொத்தானைப் பிடித்தால் அதிர்ஷ்டம் என்று மணப்பெண் பிடிப்பாள், மாப்பிள்ளை பிடிப்பார், மாமியார் இரண்டு முறை பிடிப்பார். சிரிக்காதீர்கள், நீங்களும் பிடித்தவர்கள்தாம்! வாசலில் வரவேற்போம், வயிறார உணவளிப்போம், வாயார வாழ்த்துப் பெறுவோம். ஆனால் அவரைக் கூரைமேல் ஏற விட்டோமா?

அன்றும் அவர் கேட்டார்.

"எண்டெல், வந்ததுதான் வந்தேன், மேல ஏறிப் பாத்துடட்டுமா?"

"அட போய்யா! வெள்ளை விரிப்பு விரிச்சிருக்கு, கரியக் கொட்டி வைப்பே. நானே வருஷா வருஷம் முள்ளு ஜூனிபர் செடியக் கயித்துல கட்டி புகைபோக்கிக்குள்ள விட்டு இழுக்கறேன்ல?"

"இந்த வருஷம் இழுத்தியா?"

"முட்டி வலிய்யா. அதான் அதிர்ஷ்டத்துக்கு உன்னையே கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கேனே! பேசாம சாப்பிடு."

கூடம் நிறைய விருந்தினர். கூடம் நிறையக் குளிர். அப்பா தீக்குச்சியை எடுத்தார். "வேண்டாம்" என்றேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்தத் தெரியாதவள் என்ன செய்வாள்? ஓடிப்போய்க் கால்யூ மாமாவின் பொத்தானைப் பிடித்தேன்.

"பாருங்கடி, நம்ம லேலோவுக்கும் மாப்பிள்ளை வேணுமாம்!" என்றார் அத்தை.

கூடமே சிரித்தது. நான் விடவில்லை. இழுத்தேன். கணப்பு வரைக்கும் இழுத்தேன். பொத்தான் பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

"ஏம்மா, இருக்கற அதிர்ஷ்டத்தையெல்லாம் ஒருத்தியே பிடுங்கிட்டியே!" என்றார் மாமா.

"மாமா, இங்க பாருங்க."

நூலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. புகைபோக்கியின் அடிக்கதவைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே நீட்டி, அதில் மேல்பக்கம் பார்த்தார்.

"எண்டெல், குச்சியக் கீழ போடு. வானம் தெரியல, உள்ள அடைச்சிருக்கு."

பிறகென்ன! மேலங்கியோடு விருந்துண்டோம், குளிர் தாங்காமல் குதித்தாடினோம். கால்யூ மாமா கூரையேறி வாளி வாளியாக இறக்கினார். கெட்டிப்பட்ட கரி, காக்கைக் கூடு, கூட்டுக்குள் மெத்தையாக அக்காவின் தொலைந்த சிவப்புக் கையுறை.

"என் கல்யாணத்துக்குக் காக்காவ அழைச்சது யாரு?" என்றாள் அக்கா.

"மூட்டியிருந்தா புகை திரும்பி உங்க மேலயே வந்திருக்கும். இந்தக் கரி பத்தியிருந்தா கூரையே போயிருக்கும்" என்றார் மாமா.

அன்பு மக்களே! பொத்தான் புகையை வெளியேற்றுமா? வாழ்த்து கரியைச் சுரண்டுமா? விருந்துக்கு அழைத்த கையாலேயே ஏணியையும் எடுத்துக் கொடுங்கள்! குளிர் வருமுன் அழையுங்கள், கூரையேற விடுங்கள், குறையின்றிக் கூலி கொடுங்கள்! விரிப்பில் கரி விழுந்தால் வெளுத்துக்கொள்ளலாம். வீட்டில் தீ விழுந்தால் எதைக்கொண்டு வெளுப்பது?

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

என்ன, பின்வரிசையில் யார்? கணப்பை மூட்டினோமா என்றா கேட்கிறீர்கள்? கால்யூ மாமா கீழே இறங்கித் தலையசைத்தார். "நீயே மூட்டு, லேலோ" என்றார் அப்பா.

நான் குனிந்து மூட்டினேன்.