விட்டுக்கொடுக்கும் கயிறு

நடப்பதற்கு எதற்கு ஓர் இயந்திரம் என்று முதலில் கேட்டவள் நான்தான், ஐயா. தெருவில் இறங்கினால் பீளமேடு முழுக்கச் சாலை கிடக்கிறது. ஷ்ரவ்யா சிரித்தாள்.

"ரோட்டுல நடந்தா பஸ்காரன் ஏத்திப்போட்டுப் போயிருவானுங்க வதினா. ஊட்டுக்குள்ளன்னா பத்திரமுங்க."

வதினா என்றால் கணவனின் அக்கா. நாங்கள் தெலுங்கு வழி வந்த நாயுடு குடும்பம். பேச்செல்லாம் தமிழாகிவிட்டது, உறவுமுறையில் மட்டும் கொஞ்சம் தெலுங்கு மிச்சம் இருக்கிறது. ஷ்ரவ்யா என் தம்பி பாலகோபாலின் மனைவி. சத்தியமங்கலத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டாள். எடை குறைந்தால்தான் குழந்தை தங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாலுவுக்குப் பம்ப்செட் பட்டறை. ஏதோ கிளப்பில் வெளிநாட்டு நடை இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், "இதுல என்னக்கா இருக்குது, ஒரு மோட்டாரு, ரெண்டு ரோலரு, ஒரு பெல்ட்டு" என்று பட்டறையிலேயே ஒன்று செய்துவிட்டான். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். தாங்களே செய்யக்கூடிய பொருளைக் கடையில் வாங்கக் கூச்சப்படுவார்கள். மோட்டார், அதைச் சுற்றும் பெல்ட்டோடு, கைப்பிடிக்கு ஒரு சாண் கீழேயே இருந்தது. அதற்கு ஒரு தகர மூடி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நிறுத்துவதற்கு இயந்திரத்தில் பொத்தான் கிடையாது. தோட்டத்து மோட்டாருக்கு வைப்பது போலச் சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சையை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். அதனால் அவள் நடக்கும்போது ஒருவர் ஸ்டார்ட்டர் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருந்தது. சாயங்கால வேளையில் வீட்டில் சும்மா இருப்பவள் நான்தானே.

முதல் நாளே பாலு கண்டிப்பாகச் சொன்னான். "லேத்துல நிக்கறவன் கையில மோதரங்கூட ஆகாது. வளையல், சங்கிலி எல்லாத்தையும் கழட்டிப்போட்டுத்தான் ஏறோணும்."

அவள் வளையலைக் கழற்றினாள், நெக்லஸைக் கழற்றினாள். கடைசியில் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதையுமுங்களா?"

பாலு என்னைப் பார்த்தான். கெட்டியான தங்கக்கொடி. மோட்டாரில் மாட்டினால் கழுத்து போகும், கொடி போகாது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் தாலியைக் கழற்று என்று எந்தப் புருஷன் வாயால் சொல்லுவான்?

நான்தான் வழி சொன்னேன். "தாலிய மஞ்சக்கயித்துல கோத்துக்க அம்மணி. கொடிய விசேசத்துக்குப் போட்டுக்கலாம். கயிறுன்னா விட்டுக்குடுத்துரும்."

அறுந்துவிடும் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைத் தாலிக்கயிற்றோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. பாலுவின் முகம் தெளிந்தது. அந்த யோசனையை நான் நல்ல மனதோடுதான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பங்காரம்மா. பங்காரம் என்றால் தங்கம். என் கழுத்தில் அது அதிக நாள் தங்கவில்லை. புருஷன் போனதும் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தேன். அம்மா இல்லாத பாலுவை வளர்த்தேன். மறுபடி என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்த ஒருவரை, அவன் சின்னவன் என்பதற்காக விட்டுக்கொடுத்தேன். என் பங்கு நிலத்தைப் பட்டறைக்காக விட்டுக்கொடுத்தேன். குறையாகச் சொல்லவில்லை, ஐயா. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஷ்ரவ்யாவுக்கு ஒரு பழக்கம். மூச்சு வாங்கினால் நடையை நிறுத்தாமலே கைப்பிடியில் முழங்கை இரண்டையும் ஊன்றிக் குனிந்துகொள்வாள். தாலி சுடிதாருக்கு வெளியே வந்து, மோட்டார் பெல்ட்டுக்கு மேலே ஊசலாடும். வைகாசியில் ஒரு நாள் பெல்ட் அதைப் பிடித்தது. கயிறு பட்டென்று விட்டுக்கொடுத்தது. நான் எழுந்து சிவப்பை அமுக்கினேன். அவள் கழுத்தில் சிவந்த கோடு ஒன்று, வேறொன்றும் இல்லை.

"உங்க யோசனதானுங்க என்னயக் காப்பாத்திப்போட்டுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

அடுத்த வீட்டு வரலட்சுமிக்குச் செய்தி போனதும் ஓடி வந்தாள். "வாயால சொல்லக் கூடாதது நடந்துபோச்சுங்க அக்கா. கடைக் கயிறெல்லாம் காத்தடிச்சாலே போயிரும். நல்ல கெட்டிக் கயிறாப் போடச் சொல்லுங்க."

மூடி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். பாலு புதுத் தொழில் விஷயமாகப் பெங்களூருக்கு அலைந்துகொண்டிருந்தான். மூடி தள்ளிப்போனது.

ஆனியில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்கள். பெங்களூருக்கே குடிபோகிறார்கள். இந்த வீட்டை விற்கிறார்கள்.

"வதினா இத்தன வருசம் எல்லாருக்கும் விட்டுக்குடுத்தே இருந்துட்டாங்க. இனி அன்னூர்ல சித்தி ஊட்டுல நிம்மதியா இருக்கட்டுமுங்க" என்றாள் ஷ்ரவ்யா.

அன்பாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே எனக்கு ரசம் ஊற்றினாள். பாலு தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். சின்ன வயதிலிருந்தே அவன் தட்டைப் பார்த்தால் சம்மதம் என்று அர்த்தம். நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா.

ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்றுவது வழக்கம். இந்த வருடம் கயிற்றை நானே திரித்துத் தருகிறேன் என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். மோட்டாருக்குள் இருக்கும் செப்புக்கம்பிச் சுருளை, காயில் என்பார்கள், இறுக்கிக் கட்டுகிற நைலான் நூல் எனக்குப் பழக்கம். பட்டறை தொடங்கிய காலத்தில் நானே உட்கார்ந்து காயில் கட்டியிருக்கிறேன். இரண்டு ஆள் இழுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நைலானில் மஞ்சள் பிடிக்காது. அதனால் அதை உள்ளே வைத்து, மேலே பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, ஈரோட்டு மஞ்சளில் தோய்த்துக் காயப்போட்டேன். கவரில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். நிறம் இன்னும் போகவில்லை பாருங்கள்.

கயிற்றைக் கட்டியது வரலட்சுமி. "என்னங்க பங்காரக்கா, மாட்டக் கட்டறாப்பல இத்தன தடியாத் திரிச்சிருக்கறீங்க" என்று கேலி செய்தாள்.

ஷ்ரவ்யா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க வதினா கையால திரிச்சதுங்க. என்ற ஆயுசுக்கும் இருக்கும்."

அதன் பிறகு நான் எதுவும் செய்யவில்லை. அவள் தினமும் நடந்தாள். நான் தினமும் உட்கார்ந்திருந்தேன். ஆடி கழிந்து ஆவணியும் வந்தது. சில சாயங்காலங்களில் எனக்கே அது மறந்துபோயிருக்கும். அவள் பெங்களூரில் பார்த்து வைத்திருந்த வீட்டைப் பற்றிப் பேசுவாள். சமையலறை சின்னதாம். பால்கனி உண்டாம்.

அன்றைக்கும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. குனிந்தாள். பெல்ட் பிடித்தது. கயிறு விட்டுக்கொடுக்கவில்லை. அவள் முகம் கைப்பிடிக்குக் கீழே போனது. ஒரு கை மட்டும் என் பக்கம் நீண்டது. "வதி" என்பது வரைக்கும் கேட்டது.

சிவப்புப் பொத்தான் உட்கார்ந்தபடி எட்டாது. எழுந்து கையை நீட்ட வேண்டும். வைகாசியில் அப்படித்தான் எழுந்தேன். அன்றைக்கு எழவில்லை. பயமும் இல்லை, கோபமும் இல்லை, ஐயா. அலுப்பு. இத்தனை வருடம் யார் கூப்பிட்டாலும் எழுந்தவள்தானே, இந்த ஒரு முறை உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. மோட்டார் திணறித் திணறி, கடைசியில் பாரம் தாங்காமல் ஸ்டார்ட்டர் தானாகவே மின்சாரத்தை வெட்டி நிறுத்தியது. பாலு செய்கிற சாமான் எதுவும் சோடை போகாது.

அப்போது அடுப்பில் பால் பொங்கும் வாசம் வந்தது. அதற்கு எழுந்து போனேன்.

பாலு இப்போது பெங்களூருக்குப் போவதில்லை. வீட்டையும் விற்கவில்லை. நேற்று வரைக்கும் நான் போட்ட சோற்றைத்தான் சாப்பிட்டான். என்னோடு பேசுவதில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். தட்டைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொன்னேன் அல்லவா.

எழுதிக்கொள்ளுங்கள். கயிற்றைத் திரித்தது நான். உள்ளே நைலான் வைத்தது நான். பொத்தானை அமுக்காமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். ஆனால் கட்டும்போது நான் அந்தப் பக்கமே போகவில்லை. வாசல் ஓரமாக ஒதுங்கி நின்றேன். கைம்பெண் கை பட்டு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கெடுதல் வந்துவிடக் கூடாதே.