ஞாயித்துக்கிழமைக்கு ஒரு சந்தேகம்

இல்லீங்க, தொடல. கைய பின்னால கட்டிகினு தான் பாக்கறேன். ரோடு பைக்குன்றாங்களே, அந்த ரேஸ் சைக்கிளு தானே இது? ஆங், டயர பாத்தாலே தெரியுதே, வெரலு மொத்தம் தான் கீது. அகலம் இருபத்தஞ்சு மில்லியா இருபத்தெட்டா? இருபத்தஞ்சு. அதான பாத்தேன்.

குந்துங்க, உங்களுக்கும் சேத்து டீ சொல்லிட்டேன். கூட்டாளிங்க பின்னால வந்துகினு கீறாங்கன்னீங்களே, அவங்க திருத்தணி டவுன தாண்டி வர எப்டியும் கால் மணி ஆவும். இன்னைக்கு மலையில கூட்டம் ஜாஸ்தி.

ஏரிக்கரை வழியாவா போவப்போறீங்க? யாரு சொன்னது, போனு மேப்பா? அது கெடக்குது வுடுங்க. இந்த டயரு அந்த சேத்துல எறங்கிச்சின்னா நடந்து தான் வரணும் நீங்க. அதுக்கு சேத்துல ரேஸ் ஓட்ற சைக்கிளோகிராஸ் வண்டி வேணும்.

ஏன் சிரிக்கிறீங்க? வேட்டி கட்னவன் சைக்கிளோகிராஸ்னு சொல்லக்கூடாதா? ரெண்டும் பாக்க ஒண்ணாட்டம் தான் இருக்கும், ஆட்டுக்கெடா கொம்பு மாதிரி வளஞ்ச ஹேண்டிலு. ஆனா அதுல டயரு முப்பத்தி ரெண்டு, முப்பத்தி மூணு, குட்டிக்குட்டி முள்ளு வச்சி. டயருக்கும் அத புடிச்சிருக்கற ஃபோர்க்குக்கும் நடுவுல நல்லா எடம் வுட்டிருப்பான், சேறு அப்பினாலும் சக்கரம் சுத்தணும்ல. உங்குளுதுல பாருங்க, ஒரு வெத்தல கூட நுழையாது. பெடலும் அதுல கொஞ்சம் ஒசரமா இருக்கும், தரையில இடிக்காத அளவுக்கு. காத்தும் கம்மியா தான் அடிப்பாங்க.

முக்கியமானது ஒண்ணு கீது. அத தோள்ல மாட்டிகினு ஓடணும். ஆமாங்க, ரேஸ்லயே. நம்ம மலைக்கு மூணூத்தி அறுவத்தஞ்சு படி கீதே, அந்த மாதிரி படிய நடுவுல வச்சிருப்பான். வந்த வேகத்துல குதிச்சி எறங்கி, காவடி எடுக்கறாப்ல தோள்ல போட்டுகினு ஏறுவாங்க. எம் புள்ள ரேஸ் ஓட்ன வீடியோவ மொதமொத பாத்துட்டு அவன்கிட்ட கேட்டேன், இன்னாப்பா, வண்டி ரிப்பேரா, தூக்கிகினு ஓடறியேன்னு. அப்டி சிரிச்சான். அவன் அம்மா போனதுக்கு அப்பால அவன் சிரிச்சி நான் கேட்டது அன்னைக்கு தான்.

வேணுன்னு பேரு. ஒரே புள்ள. பெல்ஜியத்துல கீறான், தறி மிஷின் செய்யற கம்பெனில. நமக்கு ஆர்.கே.பேட்டைங்க, நாலு பவர்லூமு ஓடுது. பரந்தாமன்னு கேட்டா சொல்லுவாங்க.

இல்லீங்க, நான் ஓட்ட மாட்டேன். எனக்கு இதுல எல்லாம் ஒண்ணுமே தெரியாது முன்ன. அவன் போன் பண்ணான்னா, ஆங், நல்லாகீறியா, இரு அம்மாகிட்ட தரேன்னுவேன், அதான் எங்க பேச்சு. ஜெயம்மா தான் ஒரு மணி நேரம் பேசுவா. இன்னா கொழம்பு, எவன் கல்யாணம், எல்லாம். ரெண்டு வருசம் ஆவுது அவ தவறி. அதுக்கப்பறம் போனு எங்கையிலயே நின்னுபோச்சு. சாப்டியா நைனாம்பான். சாப்டேன், நீ சாப்டியாம்பேன். அப்பால தறி சத்தம் தான் கேக்கும் அவனுக்கு.

அப்போ ஒரு ஞாயிறு, ரேஸுக்கு போய்ட்டு வந்தேன், கால்ல அடின்னான். இன்னா ரேஸுன்னு கேட்டேன். அரை மணி பேசனான்ங்க. எனக்கு பாதி புரியல, ஆனா போன வெக்க மனசில்ல. அதுல இருந்து வாரம் ஒரு சந்தேகம் எடுத்து வச்சிக்குவேன். பல்சக்கரம் முன்னாடி ஏன் ஒண்ணே ஒண்ணு கீது, தண்ணி பாட்டில் மாட்ற எடம் ஏன் இல்ல, இப்டி. ஞாயிறானா கரெக்டா சாயங்காலம் நாலு மணிக்கு கூப்புடுவான்.

நான் தான் கெடுத்துகினேன். அவன் மெட்ராஸ்ல வேலைல இருந்தப்ப மொத சம்பளத்துல ஒரு ரோடு பைக்கு வாங்கினான், இதே மாதிரி, கறுப்பு. தறிக்கொட்டாயில தொங்கிகினு இருந்துச்சி. லீவுல வந்தா இங்க ஓட்ட சைக்கிளோகிராஸ் இல்லியேன்னான் ஒரு வாட்டி. சரி, நாமளே மாத்தி வச்சிடுவோம்னு முள்ளு டயரு வரவழைச்சேன். ஃபோர்க்குல நுழையல. தறியில ஒரு சாமான் சேரலன்னா இன்னா பண்ணுவோம், அரம் போட்டு ராவுவோம். அப்டி தான் ராவனேன், ஃபோர்க்குல ரெண்டு பக்கமும், ஒக்காந்து மத்தியானம் பூரா. டயரு ஜம்முனு ஒக்காந்துச்சி. போட்டோ எடுத்து அனுப்சிட்டு, எப்படா கூப்புடுவான்னு கீறேன்.

ஆங், கார்பனு தான். உங்களுக்கு சட்டுனு தெரியுது. கூப்டான். நைனா, அது இரும்பு இல்ல நைனா, கார்பன் இழைய நெய்ஞ்சி பசை போட்டு செய்யறது, ராவுனா எப்ப வேணா ஒடஞ்சிடும், இனிமே அதுல ஏறவே கூடாதுன்னான். ராவும்போதே உள்ள தெரிஞ்சிதுங்க. ஊடு பாவு மாதிரி கறுப்பு இழ, குறுக்கும் நெடுக்கும். நாப்பது வருசமா நெய்யறவன், நெசவ பாத்துகினே ராவியிருக்கேன்.

கோவம் வந்திருந்தா தேவல. திட்டல. சரி வுடு நைனான்னுட்டு வெச்சிட்டான். அதோட நாலு ஞாயிறு ஆச்சு. போன் இல்ல. வேல இருக்கும், அங்க ரேஸ் சீசன் வேற. எனக்கு தான் மனசு கேக்கல. ஆளில்லாத வூட்ல அந்த நாலு மணி வந்தா ஒரு மாதிரி ஆயிடுது.

நானே கூப்புடலாம், ஏன் கூப்புடக்கூடாது. ஆனா கூப்புட்டு இன்னா பேசறது? சாப்டியான்னு கேட்டா சாப்டேன்பான். அதோட முடிஞ்சிடும்ங்க.

அதான் மூணு வாரமா ஞாயிறானா மொத பஸ்ஸுக்கே வந்து இங்க குந்திக்கிறேன், மெட்ராஸ்ல இருந்து சைக்கிள்காரங்க வர்ற ரோடுன்னு. நின்னு பேசனது நீங்க தான். எனக்கு தெரிஞ்ச சந்தேகமெல்லாம் அவன்கிட்ட கேட்டு முடிச்சிட்டேன். புதுசா ஒரு சந்தேகம் சொல்லுங்களேன், ரோடு பைக்குக்கும் சைக்கிளோகிராஸுக்கும் இருக்கற வித்தியாசத்த பத்தி. பெருசா, நான் கூப்ட்டு கேட்டா அவன் வெளக்கி சொல்ல அரை மணியாவது ஆவணும்.

இருங்க, பேனா கீது. மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன். ஐயோ, பதில சொல்லிடாதீங்க. கேள்வி மட்டும் போதும்.