பஸ் ஏறிய கதவு

கொட்டச்சேடு மலை பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் பூரித்துப்போய்ப் பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொன்னார்: "கேசு ஜெயிச்சாச்சுங்க அக்கா! வாடகைக்காரன் ஊட்டைக் காலி பண்ணோணும்னு ஆர்டரே வந்துருச்சு. அதான் கதவைக் கழட்டிட்டேன், பஸ்ஸுக்குள்ள பின்னால சாச்சு வெச்சிருக்கறேன் பாருங்க!"

அந்த அம்மா பதறினாள். "உள்ள ஆளிருக்கறப்பவா?"

"குளுரு தாங்காம ஓடட்டுமுங்க!"

"கெட்டுது போங்க! எங்க கேசுல வக்கீல் சொன்னாரு. ஆர்டர் வந்தாலும் திரும்ப மனுப் போட்டு, கோர்ட்டு அமீனா வந்துதான் காலி பண்ணோணும். நீங்களே கதவைத் தொட்டா அவன் உங்க மேல கேசு போடுவான்."

"ஐயையோ! இன்னொரு கேசுன்னா இழுத்துருமே! கண்ணாலமாயி எம்மக அந்த ஊட்டுக்குத்தானுங்க வாரா!"

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடினார். கீல்கள் சீட்டிலேயே கிடந்தன.

அந்த அம்மா சன்னல் வழியே அவற்றை வீசிக் கத்தினாள்: "ஏனுங்க, கீலு! அவனையே கதவைப் பிடிக்கச் சொல்லி மாட்டுங்க!"

நான் அடுத்தவர் பேச்சில் நுழையமாட்டேன். சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை.