கரும்பிலைப் பனியும் காஷ்மீரப் பனியும்

எழுபத்தொரு வயதில் எனக்கு எழுத்தைத் தந்து, இன்று இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஆசிரியை மலர்விழி அவர்களே, மோகனூரின் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, முதியோர் பள்ளியில் என்னோடு அகரம் எழுதிய தோழர்களே, உங்கள் அனைவரையும் சுவாமிநாதன் வணங்குகிறேன்.

ஆளுக்கொரு பாடம் பேசச் சொன்னார்கள். நான் பனியுகத்தை எடுத்தேன். நானே எழுத்துக்கூட்டிப் படித்த பாடம். ஒரு பக்கம் படிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் எனக்குத் திருவிழா.

இந்தப் பூமி ஒருமுறை அல்ல, இருமுறை அல்ல, பலமுறை உறைந்திருக்கிறது, பலமுறை உருகியிருக்கிறது. உறைந்த காலம் நெடியது. இடையில் வரும் வெதுவெதுப்பான காலம் குறுகியது. சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு சுற்று. நாம் வாழ்வதும் அப்படியோர் இடைவேளையில்தான். வடக்கே மலையை மறைத்து, மரத்தை மறைத்து, கிலோமீட்டர் கணக்கில் கனத்துக் கிடந்தது பனி.

சோடாக்கடை குமரகுரு என்ன கேட்கிறார்? "ஏனுங்க, நம்ம மோகனூர்லயும் ஐஸ் கட்டிக் கெடந்துச்சுங்களா?" இல்லைங்க சாமி. இங்கே மழைதான் குறைந்ததாம். உங்கள் கடைக்கு அப்போதும் ஐஸ் வெளியூரிலிருந்துதான் வந்திருக்கும்.

எப்படி உறைந்தது? சூரியன் அணைந்ததா? இல்லை. பூமியின் சாய்வும் அது சுற்றும் பாதையும் சற்றே மாறின. கோடை கொஞ்சம் குளிர்ந்தது. போன ஆண்டுப் பனி முழுதும் உருகவில்லை. அந்த மிச்சத்தின்மேல் அடுத்த ஆண்டுப் பனி. அதன் மிச்சத்தின்மேல் அதற்கடுத்தது. உருகாமல் விட்ட மிச்சம்தான், பெரியோர்களே, கண்டங்களை மூடியது.

இந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது.

பத்தொன்பது ஆண்டுக்கு முன், தை மாதம், என் மனைவி கந்தம்மாள் இறந்தாள். லாரியோடு காஷ்மீர் போயிருந்த என் தம்பி கதிர்வேல், ஐந்தாம் நாள்தான் வந்து சேர்ந்தான். "பனியில மாட்டிக்கிட்டனுங்கண்ணா, ரோட்டையே மூடிருச்சு" என்றான். ஊரார் முன்னால் நான் என்ன சொன்னேன்? "பனிக்கு லாரி நிக்குமாடா, பொய்யா? மார்கழிப் பனியிலதான் நான் கரும்பே வெட்டறேன்" என்றேன்.

நான் அறிந்த பனி எது? விடியலில் கரும்பிலையில் நிற்கும். வெயில் தொட்டால் போய்விடும். சினிமாவில் பார்த்ததில்லையா என்கிறீர்களா தாயே? பார்த்தேன். அதில் ஆடிப் பாடினார்கள். ஆள் ஆடுகிற இடத்தில் லாரி ஓடாதா என்று நினைத்தேன்.

அதன்பின் பொங்கல்தோறும் அவன் வாசலுக்கு வந்தான். பொங்கல்தோறும் நான் முகத்தைத் திருப்பினேன். பிறகு அவன் வரவில்லை. ஒருவனாகச் சமைத்தேன், ஒருவனாக உண்டேன், ஒரு குரலும் இல்லாத வீட்டில் ஒருவனாக உறங்கினேன். நான் எதற்குப் படிக்க வந்தேன், தெரியுமா? பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்வார்கள் அல்லவா? வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்றுதான் வந்தேன்.

கண்டத்தை மூடும் பனி, ஒரு லாரியை மூடாதா?

அதோ, கதவோரம் நிற்கிறான் என் தம்பி. கதிர்வேலு, போகாதே, நில்லு. நீ சொன்னது மெய். நான் சொன்னது தவறு. ஊர் கேட்க உன்னைப் பொய்யன் என்றேன். ஊர் கேட்கவே அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

என் உரை நிறைந்தது. பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம். இந்த மேடைப்படி உயரம். எனக்கு முழங்காலில் பலமில்லை. இல்லைங்க டீச்சர், நீங்கள் உட்காருங்கள்.

கதிர்வேலு, நீ வந்து கை குடு சாமி.